முதலாட்டமும் வழியாட்டமும்

ஒரு நூலை ஆராயப் புகுவோர் முதற்கண் எழுப்பும் வினா, அது முதல்நூலா, வழிநூலா, சார்புநூலா என்பதே. நன்னூல் கற்ற மாணாக்கர் அனைவரும் அறிந்த பாகுபாடு இது. இவ்வளவுகோலை ஏட்டுக்கும் எழுத்தாணிக்கும் அப்பால், வீட்டுத் தொலைக்காட்சியில் ஆடப்படும் பழைய வீடியோ விளையாட்டுக்கும் கொண்டுசெல்லலாம் என்றால் நகைப்பாரும் உளர். ஆயின் மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், கணினி நிரலை இலக்கியப் படைப்பு என்னும் வகையுள்ளேயே அடக்கியிருக்கின்றது. சட்டமே இலக்கியம் என ஏற்றுக்கொண்ட ஒன்றை, இலக்கியம் ஆராயும் முறையால் ஆராய்வது பிழையாகாது.

இவ்வாராய்ச்சிக்கு இன்று ஒரு தேவையும் உண்டு. சிறுவயதில் இவ்விளையாட்டுகளை ஆடியவர்கள் இன்று நாற்பது வயதைக் கடந்த பெற்றோராகி, அவற்றைத் தம் பிள்ளைகளோடு மீண்டும் ஆடத் தொடங்கியுள்ளனர். ஆயிரக்கணக்கான பழைய ஆட்டங்கள் அடங்கியது என்னும் விளம்பரத்தோடு, விரலளவுக் கருவிகள் மலிவாக விற்கப்படுகின்றன. பழையது என்பதாலேயே போற்றுவார் ஒரு சாரார். விளையாட்டு என்பதாலேயே வெறுப்பார் மற்றொரு சாரார். எது நல்ல ஆட்டம், எது நல்ல பிரதி என்று பிரித்தறியும் பேச்சுமட்டும் இவ்விரு சாராரிடையேயும் எழவில்லை. அப்பேச்சு எழவேண்டும் என்பதே ஈண்டு வற்புறுத்தப்படுவது.

ஜெஞ்சாரோமுக்கு வந்த வழி

கோல லங்காட் மாவட்டத்தில், கிள்ளானிலிருந்து பந்திங் செல்லும் வழியில் உள்ளது ஜெஞ்சாரோம். சீனர் பெருகி வாழும் புதுக்கிராமமும், முன்பு ரப்பரும் பின்பு செம்பனையும் வளர்ந்த தோட்டங்களும் சூழ்ந்த சிற்றூர். தோட்டத்து லயங்களை விட்டுத் தமிழ்க் குடும்பங்கள் தாமான் வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்த காலமும், வீடியோ விளையாட்டுப் பெட்டி நம் வீடுகளுக்குள் நுழைந்த காலமும் ஏறத்தாழ ஒன்றே. லயத்து வாசலில் கோலியும் கில்லியும் ஆட இடமிருந்தது. அடுக்குமாடியின் மூன்றாம் தளத்தில் அவ்விடம் இல்லை. ஆட்டம் கூடத்துக்குள் ஒடுங்கியதற்குப் பொறியின் கவர்ச்சி மட்டுமன்று, வாசலின் இழப்பும் காரணமாகும்.

ஜப்பானின் நிந்தெண்டோ நிறுவனம் 1983 ஜூலையில் வெளியிட்ட ஃபேமிகாம் என்னும் பெட்டியே இவ்வகைப் பெட்டிகளுள் தலையாயது. ஆயினும் மலேசிய வீடுகள் பலவற்றுக்கு வந்தது அதுவன்று. தைவானில் அதனைப் பார்த்துச் செய்யப்பட்ட ‘மைக்ரோ ஜீனியஸ்’ போன்ற பெட்டிகளே வந்தன. விலை குறைவு, ஒரே கேசட்டில் பல ஆட்டங்கள். தோட்டத் தொழிலாளியின் பிள்ளையும் நகரத்துக் கடைக்காரரின் பிள்ளையும் ஒரே ஆட்டத்தை ஆட வழிசெய்தவை இப்பிரதிப் பெட்டிகளே. அவை உரிமம் பெறாதவை என்பதையும் மறைத்தலாகாது.

முதல்நூலின் இலக்கணம்

வீட்டு ஆட்டங்கள் பலவற்றுக்கும் முதல்நூல், கடையில் காசு போட்டு ஆடும் நின்ற பொறியாகும். 1978இல் ஜப்பானியரான தோமோஹிரோ நிஷிகாடோ அமைத்த ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ அவற்றுள் ஒன்று. வரிசையாக இறங்கிவரும் பகைவரைச் சுட்டு வீழ்த்துவதே ஆட்டம். பகைவர் குறையக் குறைய எஞ்சியோர் விரைந்து வருவர். இவ்விரைவு முதலில் திட்டமிட்டு அமைக்கப்பட்டதன்று. வரையவேண்டிய உருவங்கள் குறைந்தபோது பொறியின் வேலை குறைந்தது. வேலை குறைந்தபோது வேகம் கூடியது. அமைத்தவர் அதனை நீக்காது விட்டார். பொறியின் குறையே ஆட்டத்தின் உயிராயிற்று. வெற்றி நெருங்குந்தோறும் ஆபத்தும் நெருங்கும் என்னும் சுவை அதனாற் பிறந்தது.

1980இல் தோரு இவாதானி படைத்த ‘பேக்மேன்’ இன்னும் நுட்பமானது. புள்ளிகளை விழுங்கிக்கொண்டு ஓடும் ஒரு மஞ்சள் வட்டத்தை நான்கு பேய்கள் தொடர்கின்றன. மேலோட்டமாகப் பார்ப்பார்க்கு நான்கும் ஒன்றே. உற்று நோக்குவார்க்கு நான்கும் நான்கு பாத்திரங்கள். சிவப்பு நேரே துரத்தும். இளஞ்சிவப்பு, ஆடுவோன் செல்லும் திசையில் சற்று முன்னே குறிவைத்து மறிக்கும். நீலம், சிவப்பு நிற்கும் இடத்தையும் கணக்கிற்கொண்டு நகர்வதால் அதன் போக்கு எளிதிற் புலப்படாது. செம்மஞ்சள், அருகே வந்ததும் அஞ்சியதுபோல் விலகிச் செல்லும். வண்ணமே குணத்தின் அடையாளம். அவ்வண்ணத்தைப் பார்த்தே ஆடுவோன் அடுத்த அடியை முடிவு செய்கின்றான். ஒரு சொல்லும் பேசாது பாத்திரத்தின் குணத்தைச் செயலால் மட்டும் காட்டும் இவ்வமைப்பு, நாடகம் அறிந்தோரும் மெச்சத்தக்கது.

எனினும் முதல்நூலுக்கும் ஒரு மாசு உண்டு. கடைப்பொறி காசை நோக்கமாகக் கொண்டது. ஆடுவோன் விரைவில் தோற்றால்தான் அடுத்த காசு விழும். எனவே அவ்வாட்டங்களின் கடுமையில் ஒரு பகுதி கலைக்காக அமைந்தது. மற்றொரு பகுதி கல்லாப்பெட்டிக்காக அமைந்தது. வீட்டிலோ காசு போடும் துளை இல்லை. ஆகவே கடைப்பொறியை வீட்டுக்குக் கொண்டுவருவோர் இரண்டையும் பிரித்தறிந்து, முன்னதைக் காத்துப் பின்னதைக் களைதல் வேண்டும். வழிநூலாசிரியன் கடமை இதுவே.

வழிநூலின் குற்றமும் குணமும்

தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என வழிநூலை நால்வகைப்படுத்தும் தொல்காப்பியம். வீட்டுப் பெட்டிக்கு வந்த ஆட்டங்கள் தொடக்கத்தில் பெரும்பாலும் தொகுத்தல் வகையின. கடைப்பொறிக்கு இருந்த வசதி வீட்டுப் பெட்டிக்கு இல்லை. 1977இல் வெளிவந்த அட்டாரி பெட்டியின் நினைவகம் 128 பைட்டுகளே. இப்பத்தியின் முதல் வாக்கியத்தைக்கூட அதற்குள் முழுமையாக எழுதிவைக்க இயலாது.

அப்பெட்டிக்காக 1982இல் வெளியான பேக்மேன் வழியாட்டம் 4 கிலோபைட் கேசட்டில் அடக்கப்பட்டது. புள்ளி உண்டு, சுவர் உண்டு, பேய் நான்கும் உண்டு, பெயரும் அதுவே. ஆயினும் ஒரு நேரத்தில் நான்கு பேய்களையும் காட்ட இயலாமல் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டியமையால், அவை ஓயாது மினுங்கின. வண்ணம் மங்கிற்று. எந்தப் பேய் எது என்று காண்போர்க்குத் தெரியவில்லை. பக்கவாட்டில் இருந்த வாயில்கள் மேலும் கீழுமாக மாறின. முதல்நூலின் உறுப்புகள் எல்லாம் வந்தன. அதன் உயிர்மட்டும் வரவில்லை. வண்ணத்தால் குணமறிந்து முடிவெடுப்பது என்னும் விதி போனபின், எஞ்சியது ஓடுவதும் உண்பதும் மட்டுமே.

இதற்கு நேர்மாறானது, ஃபேமிகாம் பெட்டியோடு 1983இல் வெளிவந்த ‘டாங்கி காங்’. ஷிகேரு மியாமோதோ 1981இல் கடைப்பொறிக்காக அமைத்த அவ்வாட்டத்தில் நான்கு கட்டங்கள் இருந்தன. வீட்டுக்கு வந்தது மூன்றே. ஒரு கட்டம் முழுதும் விடுபட்டது. நூற்குற்றம் பத்தனுள் இது குன்றக் கூறல் என்பதில் ஐயமில்லை. ஆயினும் எஞ்சிய மூன்று கட்டங்களிலும் தாண்டும் தூரம், உருண்டுவரும் பீப்பாயின் போக்கு, ஏணியில் ஏறுவதா குதிப்பதா என்னும் தடுமாற்றம் ஆகியன பெரிதும் காக்கப்பட்டன. கை இழந்தவன் மனிதனே. உயிர் இழந்தவன் மனிதன் ஆகான். இவ்விரு வழியாட்டங்களையும் அருகருகே வைத்து நோக்கின் பெறப்படும் தீர்ப்பு யாதெனில், பிரதியின் சிறப்பு உருவ ஒற்றுமையில் இல்லை, விதியின் ஒற்றுமையில் உள்ளது என்பதாம்.

பொறியின் வறுமையே முற்றும் காரணம் என்று அட்டாரிக்குப் பரிந்து பேசுவாரும் உளர். அவ்வாதம் நிற்பதற்கில்லை. 1983இல் அதே அட்டாரி பெட்டிக்கு ‘மிஸ் பேக்மேன்’ வந்தது. கேசட்டின் அளவை 8 கிலோபைட்டாகக் கூட்டியும், அமைப்பில் கருத்தூன்றியும் செய்தமையால், பேய்கள் தம் வண்ணத்தோடும், முதலாட்டம் தன் சுவையோடும் பெருமளவு வந்து சேர்ந்தன. வறுமை ஒன்றே, பேணியவர் வேறு. குற்றம் பெட்டியுடையதன்று என்பது இதனால் விளங்கும்.

வீட்டுக்கென்றே பிறந்த முதல்நூல்

வீட்டுப் பெட்டிக்கெனவே எழுந்த ஆட்டங்களுள் 1985இல் வெளியான ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ தனித்து நிற்பது. அதன் மொத்த அளவு 40 கிலோபைட்டே, கட்டங்களோ 32. வானத்து மேகமும் தரையிலுள்ள புதரும் ஒரே ஓவியம்; வெள்ளை பூசினால் மேகம், பச்சை பூசினால் புதர். சுருங்கச் சொல்லல் என்னும் நூலழகுக்கு இதனினும் சிறந்த சான்று இத்துறையில் அரிது.

கற்பிக்கும் முறையிலும் இவ்வாட்டம் ஆசிரியர்க்குப் பாடமாகத் தக்கது. முதற் கட்டத்தின் பிற்பகுதியில் எதிரெதிரான இரு படிக்கட்டுகள் உள்ளன. அவற்றின் இடையே தரை உண்டு. தவறி விழுந்தாலும் தீங்கில்லை. சற்று நடந்தால் அதே போன்ற இரு படிக்கட்டுகள் மீண்டும் வருகின்றன. இம்முறை இடையே பள்ளம் உண்டு. தவறினால் உயிர் போகும். அஞ்சாமல் பழக இடம் தந்து, பழகியபின் சோதிப்பது இம்முறை. அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல்க என்று ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளில் கற்பிக்கப்படும் நெறியை, ஒரு சொல்லும் எழுதாமல் இவ்வாட்டம் நடத்திக் காட்டுகின்றது. தோற்ற பிள்ளையை ஏசுவதில்லை; மீண்டும் தொடங்க விடுகின்றது. வகுப்பறைகள் பலவற்றில் காணாத பொறுமை இது.

கூறியது கூறல்

இனிப் பல ஆட்டங்களை ஒருங்கே அடக்கிய கேசட்டுகளை நோக்குவோம். அக்காலத்தில் 9,999,999 ஆட்டங்கள் என்று அட்டையில் அச்சிட்டு விற்றதுண்டு. உள்ளே இருந்தவையோ ஒருசிலவே. அவற்றையே வெவ்வேறு பெயரில், வெவ்வேறு கட்டத்திலிருந்து தொடங்குமாறு அடுக்கியிருந்தனர். கூறியது கூறல் என்னும் குற்றத்துக்கு இதைவிட வெளிப்படையான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. இன்று விற்கும் விரலளவுக் கருவிகள் பலவும் இதே வழியினவே. எண்ணிக்கை பெருகியது, தொகுப்பாசிரியன் இல்லை. நல்லதும் அல்லாததும், முழுமையும் குறையும் ஒரே பட்டியலில் வரிசையாக நிற்கின்றன. ஆயிரத்தைக் கண்ட பிள்ளை ஒன்றையும் முழுதாக ஆடுவதில்லை. இரண்டு நிமிடத்துக்கொரு முறை பட்டியலுக்குத் திரும்புகின்றது.

இதனினும் பெரிய குறை, பாயிரம் இன்மை. ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என எட்டும் சிறப்புப்பாயிரத்தின் உறுப்புகளாக நன்னூலார் வகுத்தனர். பிரதிக் கேசட்டில் இவற்றுள் ஒன்றேனும் ஒழுங்காக இருந்ததில்லை. நிறுவனத்தின் பெயர் அழிக்கப்பட்டது. ஆட்டத்தின் பெயர் மாற்றப்பட்டது. முதற்பதிப்போடு வந்த விளக்கச் சிறுநூல் அறவே விடுபட்டது. இவாதானி, மியாமோதோ என்னும் பெயர்களை, அவர்தம் படைப்புகளை ஆண்டுக்கணக்கில் ஆடியவர்களும் அறியாது வளர்ந்தனர். ஆசிரியன் பெயர் அறியாது பாடலை மட்டும் பாடித்திரிந்த நிலை அது.

விதி வாழும் இடம்

பழைய ஆட்டங்களைப் பேணவேண்டும் என்பதற்குக் காரணம் நினைவின் இனிமை மட்டுமாயின், அவ்வினிமை அந்தத் தலைமுறையோடு போகட்டும் என விட்டுவிடலாம். காரணம் அதனினும் ஆழமானது. பல்லாங்குழியை எண்ணிப் பார்க்க. ஈரேழு குழி, புளியங்கொட்டை அல்லது சோழி. பலகை உடைந்தால் மண்ணில் குழி தோண்டி ஆடலாம். மலாய்க்காரரின் சோங்காக் இதன் உறவினமே. ஊருக்கு ஊர் விதி சிறிது மாறும். பாட்டி சொன்னதே சட்டம். அவ்வாட்டத்தின் விதி மனிதர் நாவில் வாழ்கின்றது. அறிந்தவர் ஒருவர் உள்ளவரை அது சாகாது.

வீடியோ விளையாட்டின் விதியோ சில்லுக்குள் வாழ்கின்றது. ஆடுவோன் அதன் விளைவை அறிவான், அதனை அறியான். பேய் எந்தக் கணக்கில் நகர்கின்றது என்று எவரும் பாட்டியிடம் கேட்டறிய இயலாது. சில்லு மடிந்து, அதன் பிரதியும் இல்லையெனில், ஆடியவர் ஆயிரவர் உயிரோடு இருந்தும் ஆட்டம் மடிந்ததே. பனையோலை செல்லரிக்குமுன் புதிய ஓலையிற் படியெடுத்த முன்னோர் கடமையே இவ்வாட்டத்துக்கும் வேண்டப்படுகின்றது.

இவ்வச்சம் வெறுங் கற்பனையன்று. 2010க்கு முன் அமெரிக்காவில் வெளிவந்த வீடியோ விளையாட்டுகளில் நூற்றுக்கு 87, இன்று கடையில் முறையாக வாங்கக் கிடைப்பதில்லை என்று 2023இல் வெளியான ஓர் ஆய்வு காட்டிற்று. ஆட்டம் கிடைத்தாலும் அதற்குரிய கருவி மறைவதுண்டு. ‘டக் ஹண்ட்’ என்னும் வாத்துவேட்டை ஆட்டத்தில், துப்பாக்கியின் விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கருத்து, வாத்து இருந்த இடத்தில் வெள்ளைக் கட்டம் தோன்றும். அவ்வொளியைத் துப்பாக்கி உணர்ந்தால் குறி தப்பவில்லை என்று பொருள். பழைய குழாய்த் தொலைக்காட்சி படம் வரையும் காலக்கணக்கை நம்பி அமைந்தது இது. இன்றைய தட்டைத் திரையில் அத்துப்பாக்கி குருடாகின்றது. மலேசியாவில் 2019இல் பழைய முறை ஒளிபரப்பு முற்றும் நிறுத்தப்பட்டபின், குழாய்த் தொலைக்காட்சியை வீட்டில் வைத்திருக்கும் காரணமும் குறைந்தது.

குப்பை என்றால் என்னவென்று ஜெஞ்சாரோம் மக்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டுவதில்லை. 2018இல் சீனம் அயல்நாட்டுப் பிளாஸ்டிக் கழிவுக்குக் கதவடைத்தபின், அக்கழிவு இவ்வட்டாரத்துக்குத் திரும்பிற்று. உரிமம் அற்ற ஆலைகள் அதனை எரித்த புகையால் ஊரார் அல்லலுற்றனர், முறையிட்டனர், ஆலைகள் மூடப்பட்டன. சுமார் 17,000 டன் கழிவு எஞ்சிக் கிடந்ததாக 2019இல் உலகெங்கும் செய்தி பரவிற்று. எறியப்பட்ட பொருள் எங்கோ மறைந்துவிடுவதில்லை, பிறிதொருவர் வாசலில் வந்து விழுகின்றது என்பதை அவ்வூர் கண்டது.

வீடியோ விளையாட்டு வரலாற்றிலும் அத்தகைய ஒரு குப்பைமேடு உண்டு. 1983இல் அட்டாரி நிறுவனம், விற்காத கேசட்டுகளை அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்து அலமகோர்டோ என்னும் ஊரில் மண்ணுக்குள் புதைத்தது. 2014இல் அவ்விடத்தைத் தோண்டினர். எடுக்கப்பட்டவற்றுள் ஒன்று இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் உடைமை. குப்பைக்கும் சுவடிக்கும் இடையிலுள்ள வேறுபாடு சில சமயம் முப்பது ஆண்டுகள் மட்டுமே.

இரு தடைகளும் விடையும்

விளையாட்டு படிப்பைக் கெடுக்கும் என்பது முதல் தடை. கட்டுப்பாடற்ற ஆட்டத்தை உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்ற நோய்ப்பட்டியலிலேயே ஒரு கோளாறாகச் சேர்த்துள்ளது. ஆகவே பெற்றோர் அச்சம் பொருளற்றதன்று. ஆயினும் எல்லா ஆட்டமும் ஒன்றன்று. இன்றைய கைப்பேசி ஆட்டங்கள் பல, முடிவே இன்றி நீண்டு, இடையிடையே பணம் கேட்கின்றன. கடைப்பொறியின் காசுத்துளை வேறுருவில் வீட்டுக்குள் வந்துவிட்டது எனலாம். வீட்டுக்கென எழுந்த பழைய ஆட்டமோ ஒருமுறை வாங்கினால் முடிந்தது; அதற்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. ஒரு கட்டம் முடிந்ததும் கைப்பிடியைத் தம்பியிடம் கொடுக்கும் வழக்கமும் அதனோடு வந்தது. நேர வரையறை வேண்டற்பாலதே; வரையறைக்கு உட்பட இசையும் ஆட்டத்தைத் தெரிவதும் அதனோடு ஒத்த கடமை.

பிரதியெடுத்தல் திருட்டன்றோ என்பது இரண்டாம் தடை. பிறர் உழைப்பைப் படியெடுத்து விற்பது குற்றமே. அதற்குப் பரிந்து பேசுதல் தகாது. தாம் வாங்கிய நிரலுக்கு உடையவரே காப்புப் பிரதி எடுத்துக்கொள்ள மலேசியச் சட்டம் இடம் தருகின்றது. ஆனால் விற்பாரே இல்லாத ஆட்டத்தை எவ்வழியிற் பேணுவது என்னும் வினாவுக்கு உரிமையாளர்கள் இன்னும் நேரிய விடை தரவில்லை. நிந்தெண்டோ நிறுவனம் 2016இல் தன் பழைய ஆட்டங்களுள் 30ஐத் தேர்ந்து ஒரு சிறு பெட்டியாக வெளியிட்டது. தேர்வும் ஒழுங்கும் உடைய தொகைநூல் எப்படி இருக்கும் என்பதற்கு அது சான்று. முப்பதைப் பேணியது நன்று. எஞ்சியவற்றின் கதி என்ன என்பதே கேள்வி.

செய்யத்தக்கன

பழைய பெட்டி வைத்திருக்கும் வீட்டார் செய்யத்தக்கவை சில உள. ஆயிரம் ஆட்டங்களுள் பத்தைத் தேர்க. ஒவ்வொன்றுக்கும் பிள்ளையைக் கொண்டே ஒரு பக்கப் பாயிரம் எழுதுவிக்க: ஆக்கியோன் யார், எந்த நாடு, எந்த ஆண்டு, முதலாட்டமா வழியாட்டமா, வழியாட்டமாயின் விடுபட்டது யாது, காக்கப்பட்டது யாது. தமிழில் எழுதுக. இப்பயிற்சியால் விளையாட்டும் படிப்பாகும். நன்னூலும் பழம்பாடமாகக் கிடவாது கைக்கருவியாகும். பழுதான பெட்டியைக் குப்பையில் எறியுமுன், பழுது நீக்குவார் உளரா என வினவுக. அதே கூடத்தில் ஒரு பல்லாங்குழிப் பலகையும் இருக்கட்டும். நாவில் வாழும் விதி ஒன்று, சில்லில் வாழும் விதி ஒன்று என இரண்டையும் கைவரப் பெற்ற பிள்ளை, ஆடப்படும் எதற்கும் அதனை அமைத்தான் ஒருவன் உளன் என்பதை உணரும். அமைத்தவனை எண்ணிப் பார்க்கக் கற்ற பிள்ளை, ஆட்டத்துக்கு அடிமையாவது அரிது.